இருநூற்றுப் பதினெட்டில் ஒன்று

டீச்சர் முதன்முதலாகத் திருவனந்தபுரத்தில் எங்கள் கரமனை வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவர் கையில் ஒரு தாள் இருந்தது. ஏதோ கம்ப்யூட்டர் கடையில் அச்செடுத்த வரைபடம். ஓரம் மழையில் நனைந்து மை கலங்கியிருந்தது. அதில் மலையடிவாரத்து வித்துரா கடைவீதிக்குப் பக்கத்தில் மூன்று புள்ளிகள் நெருக்கமாக ஒட்டிக் கிடந்தன. ஒன்றைச் சுற்றி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். வட்டம் போட்ட வேகத்தில் தாள் கிழிந்திருந்தது. நான் கேட்டைத் திறப்பதற்குள், குடையைக்கூட மடக்காமல், "நீங்கதானே சாரே எங்கள எடுத்து வித்துராவுல கொண்டு வச்சது?" என்றார்.

அவர் பொன்முடிச் சாலையில் பாதி மலை ஏறியதும் வரும் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், அங்கன்வாடி நடத்தி வந்தவர். அவருடைய தாத்தா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கமிருந்து மலைக்கு வந்த குடும்பம். ஊரில் எல்லாரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். கடைசிவரை நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். வருவதற்கு இரண்டு நாள் முன்னால் போனில் பேசியிருந்தார். என் எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். "மேப்புல நீங்களே எழுதி வச்சிருக்கீங்கல்லே" என்றார். உண்மைதான். யார் எதை எழுதினார்கள் என்பது தெரிய வேண்டும் என்று, ஓய்வுபெற்ற புள்ளிவிவர அலுவலகத்துக்காரன் புத்தியில், என் பெயரையும் எண்ணையும் நானே போட்டு வைத்திருந்தேன். அந்த எண்ணைக் கூப்பிட்ட முதல் ஆள் அவர். ஆறு வருடங்களாகியும் இரண்டாவது ஆள் இல்லை.

எந்த வரைபடம் என்று சொல்லிவிடுகிறேன். யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று உலகம் முழுக்கப் பலர் கூடிச் செய்யும் பொது வரைபடம். திருவனந்தபுரத்தில் அந்த வேலையில் நாங்கள் ஏழு பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வாசகசாலை மாடியில் கூடுவோம். நான் சேர்ந்த வருடம் ஓர் அரசுத் துறை தன் அங்கன்வாடிகளின் பட்டியலை எல்லாரும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டது. பெயர், எண், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் இருந்தது. எங்கள் பகுதிக்கு மட்டும் இருநூற்றுப் பதினெட்டு இடங்கள். அதை மொத்தமாக வரைபடத்தில் ஏற்றும் பொறுப்பை நான் கேட்டு வாங்கினேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஏற்றி முடித்தேன். முடித்ததும் எண்ணினேன். இருநூற்றுப் பதினெட்டு. மறுபடியும் எண்ணினேன். அதே இருநூற்றுப் பதினெட்டு. முப்பத்து நான்கு வருடம் அரசாங்கத்துக்காக எண்ணியவன் நான், மொத்தம் சரியாக வந்துவிட்டால் எழுந்து காபி குடிக்கப் போகும் பழக்கம் உள்ளவன். அன்றும் போனேன். மூன்று அங்கன்வாடிகள் ஒரே காம்பவுண்டுக்குள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்பதை நான் பார்க்கவில்லை. எத்தனை என்றுதான் பார்த்தேன், எங்கே என்று பார்க்கவில்லை.

அதன் பலன்தான் குடையோடு வாசலில் நின்றது. அருகருகே இருக்கும் அங்கன்வாடிகளை ஒன்றாக இணைப்பது என்று மேலே ஏதோ முடிவு எடுத்திருந்தார்கள். டீச்சருடைய அங்கன்வாடி வித்துரா டவுன் அங்கன்வாடிக்கு அடுத்த வாசலில் இருப்பதாகப் பட்டியல் சொன்னது. எனவே அடுத்த ஏப்ரலோடு மூட வேண்டும், பிள்ளைகளை டவுனுக்கு அனுப்ப வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. பதினொரு பிள்ளைகள். மூத்தவளுக்கு ஐந்து வயது. மலையிலிருந்து டவுனுக்குக் காலையில் வரும் பஸ் ஒன்று, அதுவும் ஒருநாள் வந்தால் ஒருநாள் இல்லை. டீச்சர் அலுவலகத்துக்குப் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். அங்கே இருந்தவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டி, எங்கள் பட்டியலில் மட்டுமா இப்படி இருக்கிறது, ஜனங்களே போட்ட மேப்பிலும் அப்படித்தானே இருக்கிறது என்றிருக்கிறார். அந்த ஜனங்கள் நான்.

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பட்டியலைப் பார்த்துத்தான் போட்டேன் என்று சொன்னேன். "பட்டியல் மலை ஏறிச்சா? நீங்க ஏறினீங்களா?" என்றார். உள்ளிருந்து என் மனைவி காபியோடு வந்து, "அந்த அம்மா கேக்கறது நியாயந்தானே, நீங்க ஏறினேளா?" என்றாள். அந்த வியாழக்கிழமை நான் ஏறினேன்.

மலைச்சாலையில் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் பலகையில் எண் போட்டிருப்பார்கள். என்னைப் போன்றவனுக்கு அதைவிட ஆறுதலான சாலை இல்லை. டீச்சர் சொன்ன வளைவில் இறங்கினேன். அங்கிருந்து தேயிலைக்கு நடுவே மேல்நோக்கி நடை. அறுநூற்று நாற்பது அடி வைத்தேன். நடுவில் நான்கு முறை நின்றேன். ஐந்தாவது முறை நின்றபோது மேலே இருந்து டீச்சர் கைதட்டி, "எண்ணிக்கிட்டே வந்தா மூச்சு வாங்கும் சாரே, வெறுதே நடங்க" என்று கத்தினார். நான் வாய்விட்டு எண்ணுகிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

லயத்தின் கடைசி அறைதான் அங்கன்வாடி. நீலச் சுண்ணாம்பு அடித்த சுவரில் பப்பாளி, ஆமை, ரயில். பதினொரு தட்டு, பதினொரு டம்ளர், பதினொரு பிள்ளைகள். எண்ணிப் பார்த்துவிட்டு போனில் இடத்தைக் குறித்துக்கொண்டேன். வரைபடத்தில் அவரை வைத்திருந்த இடத்துக்கும் இந்த அறைக்கும் நடுவே ஒரு மலையில் பாதி இருந்தது. இப்படி ஒரு தவறு எப்படி நடக்கும் என்று எனக்குக் கோபம் வந்தது. அலுவலகத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு எண்களை அடித்திருக்கிறார்கள், நான் இருந்த காலத்தில் இப்படி உண்டா என்று ஏதேதோ சொன்னேன். டீச்சர் உப்புமாச் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பிறகு, "ஆபீஸ்காரங்கள ஏச வேண்டாம் சாரே. அமுக்கினது நான்தான்" என்றார்.

நடந்தது இதுதான். எல்லா டீச்சர்களுக்கும் போன் கொடுத்து, உங்கள் அங்கன்வாடியில் நின்று லொகேஷன் பட்டனை அமுக்குங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். மேலே ரேஞ்ச் இல்லை, போனுக்குச் சிக்னல் எட்டாது. அமுக்கினால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். மாதக் கூட்டத்துக்காக எல்லாரும் வித்துராவில் கூடிய அன்று சூப்பர்வைசர், பாக்கி உள்ளவர்கள் இன்றைக்கே முடித்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும் என்றிருக்கிறார். அங்கே ரேஞ்ச் இருந்தது. மலையிலிருந்து வந்த மூன்று டீச்சர்களும் அந்தக் கூட்ட ஹாலின் வாசலில் வரிசையாக நின்று அமுக்கினார்கள். பச்சை டிக் விழுந்தது. கைதட்டினார்களாம். "டிக் விழுந்திட்டு, வேலை தீர்ந்துன்னு நெனச்சேன். அது என்னைக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்திரும்னு எனக்குத் தெரியுமா?" என்றார். என்னைத் திட்டுவதற்காக நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்தவர், தன் பங்கை ஒளிக்காமல் சொன்னதில் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை ஏற்பட்டது. டிக் விழுந்ததும் அவர் கைதட்டினார். மொத்தம் சரியாக வந்ததும் நான் காபி குடிக்கப் போனேன். இரண்டும் ஒரே தவறுதான்.

அடுத்த வாரம் இருவரும் அந்த அலுவலகத்துக்குப் போனோம். நான் நடந்த பாதையின் வரைபடம், வளைவின் எண், அடிக்கணக்கு, பன்னிரண்டு போட்டோ, பிள்ளைகளின் வருகைப் பதிவேடு எல்லாம் கொண்டு போனோம். அதிகாரி கெட்டவர் அல்ல. பொறுமையாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, நாங்கள் வைத்திருக்கும் பட்டியலும் வெளியே இருக்கும் மேப்பும் ஒரே இடத்தைக் காட்டும்போது உங்கள் போட்டோவை மட்டும் நம்பி நான் எப்படி மாற்றுவது, இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால் அது எப்படித் தப்பாகும் என்று மலையாளத்தில் கேட்டார். என் வாழ்க்கையில் ஓர் அதிகாரியிடம் நான் குரல் உயர்த்தியது அன்று ஒருநாள்தான். "அந்த இரண்டாவது இடம் நான்தான் சார். உங்கள் தாளைப் பார்த்துக் காப்பி அடித்தவன். காப்பி அடித்தவனையே சாட்சிக்குக் கூப்பிடுகிறீர்களே" என்றேன். டீச்சர் சிரித்துவிட்டார். அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. இருந்தாலும் இணைப்பை நிறுத்தி வைப்பதாக எழுதிக் கொடுத்தார். ரத்து என்று எழுதவில்லை, நிறுத்தி வைப்பு என்றுதான் எழுதினார். இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் அரசாங்கத்தில் வேலை பார்த்தவனுக்குத் தெரியும். டீச்சருக்கு நான் சொல்லவில்லை. அவர் அதற்குள் கண்டுபிடித்துவிட்டார். "நிறுத்தி வச்சா எப்ப வேணும்னாலும் உருட்டி விடலாம் அல்லே சாரே?" என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டார்.

அன்றே வரைபடத்தில் அவருடைய புள்ளியை மலைக்கு ஏற்றினேன். அந்த வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் ஒரு குறிப்பு உண்டு. யார் மாற்றியது, என்று, எதை ஆதாரமாக வைத்து என்று எழுத வேண்டும். ஆதாரம் என்ற இடத்தில் முன்பு அரசுப் பட்டியல் என்று இருந்தது. அதை அழித்துவிட்டு, நேரில் போய்ப் பார்த்தது என்று எழுதினேன். வேலை முடிந்தது என்று இந்த முறையும் நினைத்தேன். அடுத்த வருடம் புதிய பட்டியல் வந்தது. அதில் டீச்சர் மறுபடியும் வித்துராவில் இருந்தார்.

எங்கள் குழுவில் கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கும் ஒரு பெண் உண்டு. சாஃப்ட்வேர் என்ஜினீயர், கெட்டிக்காரி. புதிய பட்டியல் வந்தால் பழைய புள்ளிகளின்மேல் தானாகவே அதை ஏற்றிவிடும் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தாள். ஏற்றிய பட்டியல் வருடக்கணக்கில் பழசாகிக் கிடப்பது எங்களுக்கு அவமானம், அதைத் தீர்க்கவே எழுதினேன் என்றாள். அவமானம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்த புரோகிராம் ஓடினால் நான் அறுநூற்று நாற்பது அடி ஏறி வைத்த புள்ளி ஒரு நொடியில் மலையிலிருந்து உருண்டு விழும். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றேன். "அங்கிள், ஒரே ஒரு இடத்துக்காகவா? மிச்சம் இருநூற்றுப் பதினேழு?" என்றாள். அந்த இருநூற்றுப் பதினேழும் சரி என்று உனக்கு யார் சொன்னது என்றேன். "அப்போ எல்லாத்தையும் நீங்க நடந்து பார்ப்பீங்களா?" ஆமாம் என்றேன். எழுபது வயதில் அப்படி ஒரு வாயை விடக்கூடாது. மற்ற ஐந்து பேரும் அவள் பக்கம். நான் எழுந்து, அரசாங்கத்தைப் பார்த்து எழுதுவதற்கு அரசாங்கமே போதும், இந்த மாடிக்கு நாம் எதற்கு ஏறி வருகிறோம் என்று கேட்டேன். மூன்று வாரம் பேசிக்கொள்ளவில்லை. நான்காவது ஞாயிற்றுக்கிழமை அவளே வந்து, புரோகிராமை மாற்றிவிட்டேன் என்றாள். மனிதர் யாராவது நேரில் பார்த்துத் தொட்ட புள்ளியை இனி அது தொடாது. பட்டியலோடு ஒத்துப்போகாதவற்றைச் சிவப்பாகக் காட்டி நிறுத்திக்கொள்ளும். யாராவது போய்ப் பார்க்க வேண்டும். "அந்த யாராவது நீங்கதான் அங்கிள், வாயை விட்டது நீங்கதானே" என்றாள்.

போனேன். நான்கு வருடத்தில் இருநூற்றுப் பதினெட்டில் நூற்று அறுபத்து மூன்று. இதில் பாதிக்குமேல் டீச்சர் இல்லாவிட்டால் நடந்திருக்காது. மாதக் கூட்டத்துக்கு வித்துராவுக்கு இறங்கும் நாளெல்லாம், அவர் முன்பு பட்டனை அமுக்கிய அதே ஹாலில், மற்ற டீச்சர்கள் ஒவ்வொருவரையும் பிடித்து எங்கே இருக்கிறாய், பழைய கட்டடமா புதியதா, வாடகை வீடு மாறினாயா என்று கேட்பார். கேட்டதையெல்லாம் பஸ்ஸில் போகும்போது போனில் பேசி அனுப்புவார். பின்னால் கண்டக்டர் சத்தம், பிரேக் சத்தம், நடுவே அவர் குரல். "பாலத்துக்குப் பக்கத்துல இருந்தது இப்ப ரேஷன் கடை மாடில சாரே. குளத்துப் பக்கம் உள்ளத வீட்டுக்காரன் இறக்கி விட்டுட்டான், கோயில் ஹால்ல ஓடுது. நீங்க போய்ப் பாருங்க, என்னை நம்ப வேண்டாம், கேட்டோ." கடைசி வரியை ஒருமுறைகூட விட்டதில்லை. அவரையும் நம்பக்கூடாது என்று அவரே எனக்குக் கற்றுக்கொடுத்தார். போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றும் அவர் சொன்னபடியே இருக்கும். ஒருநாள் நான் இதைச் சொன்னபோது, "எவளும் தான் எங்க இருக்கேன்னு பொய் சொல்ல மாட்டா சாரே. கேக்கத்தான் ஆளில்ல" என்றார்.

போன மழைக்கு முந்தின மழையில் டீச்சர் போய்விட்டார். காய்ச்சல் என்றார்கள், மெடிக்கல் காலேஜில் ஆறு நாள் இருந்தார். நான்காம் நாள் நான் பார்க்கப் போனபோது ஐம்பத்தைந்து பாக்கி என்று நினைவுபடுத்தினார். இப்போதும் ஐம்பத்தைந்துதான் பாக்கி. என் முழங்கால் இரண்டும் அதற்குப் பிறகு எனக்கு விரோதியாகிவிட்டன. ஆனால் வருடா வருடம் பட்டியல் வரும்போது டீச்சருடைய புள்ளியை மட்டும் நான் விட்டதில்லை. சிவப்பாக எரியும். இல்லை, மலையில்தான் என்று வரைபடத்திலும் எழுதுவேன், அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் போடுவேன். மறுவருடம் மறுபடியும் எரியும். மறுபடியும் எழுதுவேன். ஐந்து வருடம், ஐந்து முறை.

இந்த வருடப் பட்டியலில் அது எரியவில்லை.

என்ஜினீயர் பெண் போனில் கூப்பிட்டு, "அங்கிள், ஜெயிச்சாச்சு! கவர்மென்டே மலைக்கு ஏறிட்டாங்க" என்றாள். பட்டியலை எடுத்துப் பார்த்தேன். டீச்சருடைய அங்கன்வாடி எஸ்டேட்டில் இருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. வழக்கம்போல இலக்கங்களைப் பார்த்தேன். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டிலும் தசமப் புள்ளிக்குப் பின்னால் ஏழு இலக்கம். ஏழும் என்னுடையவை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு யார் போய் நின்றாலும் கடைசி இரண்டு இலக்கமாவது மாறும். கடைசி வரைக்கும் ஒன்றாக இருக்கிறது என்றால் யாரும் போய் நிற்கவில்லை என்று அர்த்தம். இந்த முறை அவர்கள் என் தாளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பட்டியலும் வரைபடமும் ஒத்துப்போகின்றன. ஆறு வருடத்துக்கு முன்பும் ஒத்துத்தான் போயின.

"ரெண்டும் சரியா இருக்குன்னு நீங்கதானே சொல்றேள், பின்ன எதுக்கு இந்த முட்டியை வச்சுண்டு மலைக்கு?" என்று என் மனைவி கேட்டாள். சரியாக இருப்பதால்தான் என்றேன். தலையில் அடித்துக்கொண்டு, தயிர்சாதம் கட்டிக்கொடுத்தாள்.

அறுநூற்று நாற்பது அடி இந்தத் தடவை எண்ணூற்றுப் பதினான்கு ஆயிற்று. பாதை நீளவில்லை, என் அடி குறுகிவிட்டது. பதினொரு முறை நின்றேன். மேலே கைதட்ட ஆளில்லை. லயத்தின் கடைசி அறைக்கு வந்தபோது கதவில் பூட்டு. பின்சுவர் இடிந்து, கூரைத் தகரம் இரண்டு கீழே கிடந்தது. பப்பாளியும் ஆமையும் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தன. ரயில் இருந்த சுவர் இல்லை. அப்போது தூரத்தில் பிள்ளைகள் பாடும் சத்தம் கேட்டது.

சரிவுக்கு அந்தப் பக்கம், காலையில் தொழிலாளர்களைப் பேர் கூப்பிடும் மஸ்டர் கொட்டகையின் ஒரு பாதியில் அங்கன்வாடி நடந்துகொண்டிருந்தது. முன்பு டீச்சருக்கு உதவியாக இருந்த பெண்தான் இப்போது டீச்சர். சுவர் விழுந்த மறுநாளே மாறிவிட்டதாகச் சொன்னாள். எட்டு மாதம் ஆகிறது. ஏன் யாருக்கும் சொல்லவில்லை என்றேன். "யாரு கேட்டா சாரே?" என்றாள். பிறகு தயங்கி, இரண்டு மாதம் முன்னால் ஒரு ஜீப் வந்ததாகச் சொன்னாள். சாலையில் ஜீப்பை நிறுத்திவிட்டு போனைப் பார்த்துக்கொண்டே இருவர் ஏறி வந்து, நேராகப் பழைய அறைக்குப் போய், பூட்டையும் இடிந்த சுவரையும் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். இவள் ஓடி வருவதற்குள் ஜீப் போய்விட்டது. போன வாரம் கடிதம் வந்திருக்கிறது. அங்கன்வாடி செயல்படவில்லை என்று தெரியவந்துள்ளது, விளக்கம் தேவை. கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "மூடிருவாங்களா?" என்றாள். ஒன்பது பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த ஜீப்பைப் பூட்டிய கதவுக்கு அழைத்துப் போனது என் புள்ளி. ஐந்து வருடம் அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்று நான் ஓரடி நகர விடாமல் காத்த அதே புள்ளி. நேரில் போய்ப் பார்த்தது என்று எழுதினேனே தவிர, எப்போது பார்த்தது என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. டீச்சர் இருக்கும் இடம் அது என்று பிடிவாதம் பிடித்தேன். டீச்சர் இல்லை, சுவரும் இல்லை, பிள்ளைகள் இருநூற்றுப் பன்னிரண்டு அடி தள்ளி உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர் இருந்திருந்தால் அன்றைக்கே பஸ்ஸில் இருந்து போனில் சொல்லியிருப்பார், நம்ப வேண்டாம் என்றும் சொல்லியிருப்பார். கொட்டகை நடுவில் நின்று போனை எடுத்தேன். டீச்சருடைய புள்ளியைத் தொட்டபோது விரல் கொஞ்சம் நின்றது. பிறகு நகர்த்தினேன். அந்தப் புள்ளியில் நான் கை வைப்பது இது எட்டாவது தடவை. ஆதாரம் என்ற இடத்தில், நேரில் போய்ப் பார்த்தது, ஒன்பது பிள்ளைகள், இன்று என்று எழுதினேன். ரேஞ்ச் இல்லாததால் மலை இறங்கும் வரை அது போனுக்குள்ளேயே இருந்தது. ஏழாவது வளைவில் ரேஞ்ச் கிடைத்து வரைபடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

திங்கட்கிழமை அந்த அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி மாறிவிட்டார், புதியவர் இளையவர். விளக்கக் கடிதம், போட்டோக்கள், நடந்த பாதை எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். சார், எங்கள் பட்டியலும் உங்கள் மேப்பும் போன வாரம் வரை ஒரே இடத்தைத்தானே காட்டின, நீங்களே அதற்காக வருடா வருடம் கடிதம் போட்டிருக்கிறீர்களே, இப்போது நீங்களே மாற்றிச் சொன்னால் எப்படி என்று கேட்டார். ஆமாம், அப்போது சொன்னதும் நான்தான், இப்போது மாற்றியதும் நான்தான், கட்டடம் விழுந்தால் அடுத்த தடவையும் மாற்றுவேன், நீங்கள் ஒரு தடவை மாற்றுங்கள் என்றேன். கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போங்கள், பரிசீலிக்கிறோம் என்றார். நிறுத்தி வைப்பு வேண்டாம், செயல்படுகிறது என்ற ஒரு வார்த்தை எனக்கு எழுத்தில் வேண்டும் என்றேன். அதற்கு நேரமாகும் சார் என்றார்.

அந்த அறையில் பார்வையாளர்களுக்கு நான்கு நாற்காலிகள். நான்கும் காலி. ஜன்னலோரம் இருந்ததை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.